உம்மும்மாவின் உம்மா யார்?

வாப்பாவின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வோம். வாப்பாவின் வாப்பா பெயரும் தயங்காமல் வரும். உம்மாவையும் உம்மும்மாவையும் அறிவோம். ஆனால் அந்த உம்மும்மாவைப் பெற்ற தாயின் பெயர் என்ன? அநேக வீடுகளில் இந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. 'எல்லாரும் பெரியும்மா என்றுதான் கூப்பிடுவார்கள்', 'கடைக்காரரின் பெண்சாதி' என்பதுதான் பதிலாகக் கிடைக்கிறது. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருத்தியின் பெயர் மூன்றே தலைமுறையில் மறைந்துவிடுகிறது.

கந்தப்பளைப் பக்கத்தில் எழுத்தார்வமுள்ள பெண்பிள்ளைகள் சிலர் இப்போது தங்கள் குடும்பத்தின் பழைய செய்திகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைச் சரித்திரக் கதையாக எழுத ஆசைப்படுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. 'ஹஸரத், வம்சத்தைத் தேடுவது பெருமையடிப்பதாகாதா? தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினால் பொய்யாகாதா? மூத்தவர்களின் குறை வெளியே வந்தால் பாவமில்லையா?' மூன்றுமே அர்த்தமுள்ள கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வம்சம் தெரிவது எதற்கு?

உறவுகளைச் சேர்ந்து வாழத் தேவையான அளவுக்கு உங்கள் வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை திர்மிதீயில் பதிவாகியுள்ளது. மனிதர்களைக் கோத்திரங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சமே மேன்மைக்கு அளவுகோல் என்றும் சூறத்துல் ஹுஜுராத் கற்றுத் தருகிறது. ஆக, வம்சத்தைத் தேடுவது மார்க்கம் விரும்பும் காரியம். அதை வைத்து மார்தட்டுவதுதான் ஜாஹிலிய்யாக் காலத்துப் பழக்கம்.

இதில் இன்னொரு கடுமையான எச்சரிக்கையும் உண்டு. தன் தகப்பன் அல்லாதவரைத் தகப்பன் என்று தெரிந்தே உரிமை கோருபவருக்குச் சுவர்க்கம் தடுக்கப்பட்டது என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தியின் கருத்து. இல்லாத ஒரு பெரிய வம்சத்தை இரவல் வாங்கி ஒட்டிக்கொள்வதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இந்த வம்சப் பேச்சு பெரிய விவாதமாகவே நடந்திருக்கிறது. சோனகர்கள் இனத்தால் தமிழரே என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் எழுதினார். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதினார். அது முழுச் சமூகத்தைப் பற்றிய அரசியல் விவாதம். ஒரு வீட்டின் வம்சம் அந்த விவாதத்தால் முடிவாகாது. அரபு வணிகர் பெருங்கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்தது உண்மை. அதற்காக ஒவ்வொரு வீட்டின் மூத்தவரும் அரபுக் கப்பலிலிருந்துதான் இறங்கினார் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இந்த மலைக்கு வந்த பாதைகள்

நம் மலைநாட்டு முஸ்லிம் வீடுகளின் முன்னோர் ஒரே வழியாக வந்தவர்கள் அல்லர்.

போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டி உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டுவந்தார்கள். பாக்கைக் கீழே கொண்டுபோனார்கள். அந்தக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் 'கே' என்று முடியும் சிங்கள வாசகமப் பெயர் வழங்குகிறது. அந்த முன்பெயரே ஒரு சரித்திர ஏடு.

அடுத்து, கோப்பியும் தேயிலையும் வந்த பிறகு தமிழகக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி போன்ற ஊர்களிலிருந்து வந்து தோட்டத்து டவுன்களில் அரிசிக் கடையும் புடைவைக் கடையும் வைத்தவர்கள். தோட்டத் தொழிலாளருக்குக் கடன் கொடுத்து, சம்பள நாளில் வாங்கிக்கொள்ளும் பற்றுப் புத்தகம் இவர்களுடைய அடையாளம்.

மூன்றாவது, மலாய் வீடுகள். இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோது அதிலிருந்த மலாய்ப் போர்வீரர் பலர் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான்காவது, தோட்டத்து லயங்களிலிருந்தும் சிங்களக் கிராமங்களிலிருந்தும் இஸ்லாத்தைத் தழுவி நம் வீடுகளுக்குள் வந்தவர்கள். இவர்களைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேசுவோம்.

தமிழகத்திலிருந்து இந்த மலைக்கு வந்த தொழிலாளரின் வாழ்வைக் கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' என்ற நாவலாக்கினார், 1964இல் வெளிவந்தது. அதே மலையில் ஏறிய நம் வீட்டுப் பெரியவர்களின் வாழ்வும் எழுதத் தகுந்ததுதான்.

திண்ணையில் கேட்ட கதை

வீட்டுப் பெண்கள் சொன்ன கதை உலகப் புகழ்பெற்ற நூலானதற்கு உதாரணம் அலெக்ஸ் ஹேலி. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஹென்னிங் என்ற சிற்றூரில் வளர்ந்த கறுப்பினச் சிறுவன். பாட்டியும் அவருடைய சகோதரிகளும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குடும்பத்தின் முதல் மனிதரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டான். அவர் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமை, தன் பெயர் 'கின்டே' என்றே சொன்னவர். ஓர் ஆற்றுக்கும் ஓர் இசைக் கருவிக்கும் அவர் சொன்ன ஆபிரிக்கச் சொற்களையும் அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

ஹேலி பெரியவரானதும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு காம்பியா நாட்டின் ஜுஃபூரே கிராமம் வரை போனார். 1976இல் 'ரூட்ஸ்' என்ற நூல் வெளிவந்தது; தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் வந்திருக்கிறது. அதன் நாயகன் குண்டா கின்டே மண்டிங்கா இனத்து முஸ்லிம் வாலிபன். 1977 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். தங்கள் வேரைத் தேடும் ஆசை அமெரிக்காவெங்கும் பரவியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வேறொரு நாவலிலிருந்து பகுதிகளை எடுத்துவிட்டார் என்று ஹேலிமீது வழக்கு வந்தது; 1978இல் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். பின்னர் பழைய பதிவுகளை ஆராய்ந்தவர்கள், குண்டா கின்டே 1767இல் கப்பலில் வந்ததாக ஹேலி சொல்ல, அவர் அடையாளம் காட்டிய அடிமை அதற்கு முன்பே வேர்ஜீனியாப் பதிவுகளில் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். ஜுஃபூரேயில் வம்சம் சொன்ன முதியவரின் வாக்குமூலமும் நம்பத்தக்கதல்ல என்று வரலாற்றாசிரியர்கள் கூறினார்கள்.

அடிமைத்தனத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய நூல் அது என்பதில் ஐயமில்லை. அதைக் 'கதை' என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்தச் சர்ச்சைக்கு வேலையே இல்லை. நிரூபிக்கப்பட்ட குடும்ப வரலாறு என்றும் சொன்னதால்தான் சிக்கல் வந்தது. உண்மை எதுவரை, கற்பனை எதிலிருந்து என்ற எல்லைக்கோட்டை எழுதுபவர் தானே போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் பிறர் வந்து போடுவார்கள்.

யார் சொன்னது? யாரிடம் கேட்டது?

இந்த எல்லைக்கோட்டைப் போடும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே நம் ஹதீஸ் இமாம்கள்தாம். ஒரு செய்தி கிடைத்தால், யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சொன்னவரின் ஞாபகசக்தி எப்படி என்று விசாரிப்பார்கள். இந்த அறிவிப்பாளர் வரிசையே இஸ்னாத். குடும்பக் கதைக்கும் இதே முறை போதும்.

ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'இது மாமி சொன்னது. அவர் தன் உம்மாவிடம் கேட்டது' என்று எழுதுங்கள். நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா என்று குறியுங்கள். இரண்டு பேர் வேறுவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களில் பெண்கள் ஏராளம் என்பதை நாம் அறிவோம். இமாம் இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களின் 'தபகாத்' என்ற வரலாற்றுப் பெருநூலில் பெண்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அன்றைய அறிஞர்கள் பெண்களின் பெயரை எழுத வெட்கப்படவில்லை.

காலத்தைச் சரிபார்க்க ஊரின் சம்பவங்கள் உதவும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சிறிய ரயில் பாதை ஒன்று 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. 1948க்குள் பாதை முழுவதும் மூடப்பட்டுவிட்டது. 'ரயிலில் வந்து கந்தப்பளையில் இறங்கினேன்' என்று ஒரு மூத்தவர் சொல்லியிருந்தால், அது நடந்த காலத்துக்கு இரண்டு பக்கமும் எல்லை கிடைத்துவிடுகிறது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம், 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது, 1983 ஜூலைக் கலவரம் ஆகியவையும் அப்படிப்பட்ட மைல்கற்கள். 'உங்களுக்கு எத்தனை வயது?' என்று கேட்டால் பதில் வராது. 'அந்தக் கலவரத்தின்போது நீங்கள் நடக்கும் பிள்ளையா, கைப்பிள்ளையா?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

அலுமாரியில் இருக்கும் ஆதாரங்கள்

முதலாவது நிக்காஹ் பதிவு. அதில் வலியின் பெயர் இருக்கும். மஹர் தொகை இருக்கும். வலியின் பெயரைப் பிடித்தால் மணப்பெண்ணின் தந்தைவழி கிடைக்கும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்ட பதிவில் மணமகளின் ஒப்பத்துக்கு இடமில்லாதிருந்தது. அதனால் மூத்தம்மாவின் கையெழுத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

இரண்டாவது பிரஜாவுரிமைக் கோப்பு. இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, எத்தனை வருடம் எங்கே வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த வீடுகள் உண்டு. அந்தப் பழைய கடதாசிகளை வீசிவிடாதீர்கள். அறுந்த உறவைத் தேட அதுவே முகவரி.

மூன்றாவது பழைய கிதாபுகளின் ஓரம். பிள்ளை பிறந்த நாள், மௌத்தான நாள் ஆகியவற்றைக் குர்ஆன், மௌலிதுக் கிதாபுகளின் முதல் ஏட்டில் அரபுத்தமிழில் குறித்து வைப்பது நம் மூத்தவர்களின் வழக்கம். வாசிக்கத் தெரியவில்லை என்று மூலையில் போட்டுவிடாமல், வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். தேதி ஹிஜ்ரியில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாட்கள்தாம். ஹிஜ்ரி கணக்கில் 70 வயது என்றால் ஆங்கிலக் கணக்கில் சுமார் 68. ஹிஜ்ரி 1333 என்று கண்டால், அது 1914 நவம்பரிலிருந்து 1915 நவம்பர் வரையிலான காலம்.

இன்னொரு சிக்கல் தோட்டத்துப் பெயர்கள். துரைமார் பதிவேட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்குவது மலைநாட்டு வழக்கம். பெரியவர் சொன்ன தோட்டம் வரைபடத்தில் இல்லையென்றால் அவர் பொய் சொன்னார் என்று நினைத்துவிடக் கூடாது.

மறைக்கப்பட்ட ஒருத்தி

தேடத் தேட, சில வீடுகளில் ஒரு கதவு வந்து நிற்கும். 'அதைக் கேட்காதே' என்று பெரியவர்கள் சொல்லும் கதவு. திறந்து பார்த்தால், லயத்தில் பிறந்து கலிமாச் சொல்லி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒருத்தி இருப்பாள். அல்லது சிங்களக் கிராமத்திலிருந்து வந்தவள் இருப்பாள். பிள்ளைகளின் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயத்தில் அவளுடைய தாய் தகப்பன் பெயரை யாரும் சொல்வதில்லை. இஸ்லாத்துக்கு வந்தவர்களின் தகப்பன் பெயருக்குப் பதிலாக 'அப்துல்லாஹ்' என்று எழுதிவிடும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. அந்த ஒரு சொல்லோடு அவளுடைய வம்சம் அறுந்துபோகிறது.

சகோதரிகளே, சிந்தித்துப் பாருங்கள்! ஸைத் (ரலி) அவர்களை மக்கள் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைத்து வந்தார்கள். அதைவிட உயர்ந்த உறவு உலகில் உண்டா? ஆனாலும் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயரைக் கொண்டே அழையுங்கள் என்ற கருத்தில் சூறத்துல் அஹ்ஸாபின் 5ஆம் வசனம் இறங்கியது. அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். ஹாரிஸா என்ற பெயரை மார்க்கம் மறைக்கவில்லை. அப்படியிருக்க, கொழுந்துக் கூடையைச் சுமந்த ஒரு தொழிலாளியின் பெயரை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

ஸஹாபாக்களில் பெரும்பாலோர் தாங்களே இஸ்லாத்தைத் தேடி வந்தவர்கள்தாம். அவளும் அப்படித்தான் வந்தாள். தாய்வீட்டுப் படியை மறுபடி மிதிக்க முடியாது என்று தெரிந்தும் வந்திருப்பாள். அவளை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அரபு வணிகரை உட்காரவைக்கும் வம்சாவளி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பொய். அவளுடைய இரத்த உறவுகள் அடுத்த தோட்டத்திலேயே இருக்கலாம். அவர்களும் நமக்கு உறவினர்தாம். மார்க்கம் வேறு என்பதற்காக உறவின் உரிமை இல்லாமல் போவதில்லை.

கதை எழுதுவது பொய்யா?

அரபு மத்ரஸாக்களில் ஓதுகிற 'மகாமாத்துல் ஹரீரீ' ஒரு கற்பனை நூல். கி.பி. 1122இல் மறைந்த இமாம் ஹரீரீ எழுதியது. அபூ ஸைத் அஸ்ஸரூஜீ என்ற வேடதாரி ஊர் ஊராகப் போய்ப் பேச்சால் மக்களை மயக்கும் கதைகள். ஆலிம்கள் நூற்றாண்டுகளாக அதை ஓதியும் ஓதிக்கொடுத்தும் வருகிறார்கள். காரணம், அது கற்பனை என்பது படிப்பவருக்குத் தெரியும். ஏமாற்று அதில் இல்லை. பொய்யை உண்மையென்று நம்பவைப்பதுதான் குற்றம்.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை. கொழும்பில் 1869இல் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்திய பாபா யூனுஸ் சால்தீன், ஜாவாவை அடுத்த மதுரா தீவின் சுமெனெப்பிலிருந்து தன் குடும்பம் இலங்கைக்கு வந்த வரலாற்றைச் செய்யுளாகவே பாடிவைத்தார்.

தமிழகத்தில் தோப்பில் முஹம்மது மீரான், தன் கடற்கரை ஊரான தேங்காப்பட்டணத்து வாழ்வை நாவல்களாக்கினார். 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அவருடைய 'சாய்வு நாற்காலி', முன்னோரின் பெருமையைப் பேசிப் பேசியே வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் ஒரு மனிதரின் கதை. குடும்பக் கதை என்றால் முன்னோரின் புகழ்மாலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெறும் பெருமை ஒரு வீட்டை எப்படி அரிக்கும் என்று காட்டுவதாகவும் இருக்கலாம்.

இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் தாங்கள் முற்படுத்தியதை அடைந்துவிட்டார்கள் என்பது நபிமொழியின் கருத்து. அதனால் ஒருவரின் பாவத்தை அவர் பெயரோடு எழுதக் கூடாது. பாத்திரங்களுக்கு வேறு பெயர் வையுங்கள், அடையாளத்தை மாற்றுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விஷயம் என்றால் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நல்லதை உண்மைப் பெயரோடு குடும்பக் கொப்பியில் எழுதுங்கள்.

ஒரு சிறு பயிற்சி

ஒரு வீட்டில் இந்த மூன்று செய்திகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தம்மா மணப்பெண்ணாக ரயிலில் வந்து கந்தப்பளையில் இறங்கினார். மூடுபனியைப் பார்த்து, 'எந்த வீடு எரியுது?' என்று கேட்டார். அவர் கொண்டுவந்த பித்தளைக் கிண்ணம் இன்னும் இருக்கிறது.

முதலில் நிக்காஹ் பதிவைப் பாருங்கள். 1930 என்று இருந்தால் ரயில் கதை பொருந்துகிறது. 1952 என்று இருந்தால் பொருந்தாது. அது அவருடைய மாமியாரின் கதையாக இருந்து, காலப்போக்கில் இவர் பெயரில் சேர்ந்திருக்கலாம். சரிபார்த்த பிறகு கதைக்கு வாருங்கள். வெயில் ஊரிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண். ஆறாயிரம் அடிக்கு மேல் குளிர். போர்த்திக்கொள்ள மெல்லிய புடைவைதான். மாப்பிள்ளையின் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் மனதில் என்ன ஓடியிருக்கும்? இதை எந்தப் பதிவேடும் சொல்லாது. நீங்கள்தான் எழுத வேண்டும். வயதும் புடைவையும் மனதில் ஓடியதும் கற்பனை. ரயிலும் பனியும் கிண்ணமும் வந்த செய்தி. கதையின் முடிவில் இரண்டு வரியில் இதைச் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு நிறைவேறியது.

கொப்பி ஒன்று, கதை ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் கேட்டது மட்டும் இருக்கட்டும். கதையில் மனம் விரிந்தபடி எழுதலாம். ஒன்றை இன்னொன்றில் கலந்துவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் பேத்தி படிக்கும்போது எது எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இந்த வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியாது. பதிவேடு அடுத்த வருடமும் கச்சேரியில் இருக்கும். வீட்டு மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் உம்மும்மா இருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். இன்றைக்கு அஸர் தொழுத பிறகு ஒரு கோப்பைத் தேநீரோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய உம்மாவின் பெயரை முதலில் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்.

நம்மைப் பெற்றவர்களையும், அவர்களைப் பெற்றவர்களையும், பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! ஆமீன்.